குடல் புற்றுநோய் அறுவையும் புண் தொற்றுத் தடுப்பும்

பெருங்குடல் அல்லது மலக்குடல் புற்றுநோய்க்கு அறுவை செய்த 30 நாள்களுக்குள் தையலிலோ வயிற்றின் உள்ளேயோ ஏற்படும் தொற்று, அறுவைப்புண் தொற்று எனப்படும். குடலைத் திறக்கும்போது அதிலுள்ள பாக்டீரியா காயத்தில் படுவதால், மற்ற பல அறுவைகளைவிட இதில் சீழ் பிடிக்கும் வாய்ப்பு அதிகம். சீழ் பிடித்தால் தையல் விட்டுப்போகலாம், கீமோதெரபியும் தள்ளிப்போகலாம்.

தடுப்பு வேலையில் பெரும்பகுதி, நோயாளி வார்டுக்குத் திரும்புமுன்பே முடிந்துவிடுகிறது. அறுவைக்கு முன் குடலைச் சுத்தம் செய்யப் பேதி மருந்து மட்டும் கொடுப்பது போதாது. வாய்வழி ஆன்டிபயாடிக்கும் சேர வேண்டும் என்பது உலக சுகாதார அமைப்பின் 2016 பரிந்துரை. ஊசிவழி ஆன்டிபயாடிக், கத்தி வைப்பதற்கு முந்தைய 2 மணி நேரத்துக்குள் ஏற வேண்டும். பரவலாகத் தரப்படுபவை செஃபசோலினும் மெட்ரோனிடசோலும். அறுவை 4 மணி நேரத்தைத் தாண்டினால் செஃபசோலின் மறுபடியும் தேவை. வயிற்று முடியைச் சவரக்கத்தியால் மழிக்கக் கூடாது. கண்ணுக்குத் தெரியாத கீறல்களில் கிருமி தங்கும். அகற்றியே ஆக வேண்டுமென்றால் கிளிப்பர். அறுவை மேசையில் உடல் குளிர்ந்துவிடாமலும் இரத்தச் சர்க்கரை ஏறாமலும் பார்த்துக்கொள்வார்கள்.

இந்திய மருத்துவமனைகளும் பங்கேற்ற இரு பெரிய ஆய்வுகள், பலவகை வயிற்று அறுவைகளை எடுத்துக்கொண்டன. 2021-இல் வெளியான ஃபால்கன் ஆய்வில், ட்ரைக்ளோசான் என்ற கிருமிநாசினி பூசிய விலை கூடிய நூல் சாதாரண நூலைவிட மேலானதாகத் தெரியவில்லை. 2022-இல் வந்த சீட்டா ஆய்வு 7 நாடுகளில் 81 மருத்துவமனைகளில் 13,301 பேரிடம் நடந்தது. வயிற்றை மூடுமுன் கையுறையையும் கருவிகளையும் புதிதாக மாற்றியபோது தொற்று 18.9 சதவீதத்திலிருந்து 16.0 சதவீதமாகக் குறைந்தது. மலம் பட்ட கையுறையோடு தைக்கலாகாது என்பது எந்தச் செவிலியருக்கும் தெரிந்ததுதான். அதை வழக்கமாக்கத்தான் இத்தனை பெரிய ஆய்வு வேண்டியிருந்தது.

தையல் போட்ட பிறகும் 'பாதுகாப்புக்காக' நாள்கணக்கில் ஆன்டிபயாடிக் தொடர்வதை உலக சுகாதார அமைப்பு ஏற்கவில்லை. தேவையில்லாத ஆன்டிபயாடிக், மருந்துக்கு அடங்காத கிருமிகளை வளர்க்கும்; அவை தமிழ்நாட்டுக்குப் புதியவை அல்ல. பல ஆன்டிபயாடிக்குகளைச் செயலிழக்கச் செய்யும் என்டிஎம்-1 நொதி பற்றிய 2010 லான்செட் இன்ஃபெக்‌ஷியஸ் டிசீசஸ் இதழ்க் கட்டுரையில் சென்னை மாதிரிகளும் இருந்தன. ஆன்டிபயாடிக் எதிர்ப்பைக் கட்டுப்படுத்த 2012-இல் சென்னைப் பிரகடனம் வந்தது.

வீடு திரும்பியதும் குறுக்கே நிற்பது பத்தியம். மீனும் முட்டையும் புண்ணைச் சீழ் பிடிக்க வைக்கும் என்று, கடலோர வீடுகளில்கூட ஒதுக்கிவிடுகிறார்கள். உண்மையில் புண் ஆறப் புரதம்தான் வேண்டும். மருத்துவர் அனுமதித்ததும் மீன் குழம்பு சாப்பிடலாம். தையலில் மஞ்சளோ எண்ணெயோ தடவக் கூடாது. ஆறும்வரை கடல் குளியலும் ஆகாது. மலப்பை பொருத்தியிருந்தால் கசிவு தையலை எட்டாமல் பார்க்க வேண்டும். காய்ச்சல், பரவும் சிவப்பு, நாற்றமுள்ள கசிவு, தையல் விடுதல் ஆகியவற்றில் எது கண்டாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.