இணையம் திடீரென மெதுவாகிறதா? கணினியின் பின்னணியில் ஓடுவது எது எனக் கண்டறியும் வழிகள்

எங்கள் வீட்டில் அம்மா வாரத்தில் 2 நாள், இரவு 8 மணிக்குத் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு இயங்கலையில் பிரத்தியேக வகுப்பு நடத்துகிறார். சில மாதங்களுக்கு முன் வகுப்பு தொடங்கிய 5 நிமிடத்திலேயே அவருடைய குரல் விட்டு விட்டுக் கேட்கத் தொடங்கியது. “டீச்சர், கேட்கல” என்று பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராகச் சொல்ல, பழி நேராகப் படிவம் ஐந்தில் படிக்கும் தம்பி மீது விழுந்தது. “நீதான் கேம் விளையாடி லைனை இழுக்கிறாய்” என்று சொல்லி அவனுடைய கைப்பேசியை வாங்கி வைத்துவிட்டார்கள். அதன் பிறகும் வகுப்பு தடைபட்டது.

காரணம் அம்மாவின் மடிக்கணினியிலேயே இருந்தது. அக்காவின் திருமணக் காணொளிகளை அப்பா அதில் ஏற்றி வைத்திருந்தார். 4 ஜிபிக்கும் மேற்பட்ட அந்தக் கோப்புகளை ஒரு மேகச் சேமிப்புச் செயலி யாரும் கேட்காமலேயே இணையத்தில் பதிவேற்றிக்கொண்டிருந்தது. இதே சிக்கல் பல வீடுகளில் இருக்கக்கூடும். விண்டோஸ் கணினியில் இதைக் கண்டறிந்து சரிசெய்யும் முறையை இங்கே படிப்படியாகப் பார்ப்போம்.

ஏன் சரியாக வேலை நேரத்தில்?

எப்போதாவது திறக்கப்படும் கணினியில்தான் இந்தத் தொல்லை அதிகம். நாள்தோறும் இயங்கும் கணினி தன் புதுப்பிப்புகளைச் சிறிது சிறிதாக முடித்துக்கொள்ளும். வாரத்தில் இரு முறை மட்டுமே திறக்கும் கணினிக்கு அந்த ஒரு மணி நேரம்தான் வாய்ப்பு. ஆகவே இயங்குதளப் புதுப்பிப்பு, கோப்புப் பதிவேற்றம், விளையாட்டுப் புதுப்பிப்பு எல்லாம் ஒரே நேரத்தில் கிளம்பிவிடும்.

பதிவேற்றம் எப்படிப் பதிவிறக்கத்தைக் கெடுக்கும் என்று சிலர் கேட்கலாம். ஒரு கோப்பைப் பதிவிறக்கும்போது, ‘வந்து சேர்ந்தது’ என்ற சிறு ஒப்புதல் செய்திகளை நம் கணினி தொடர்ந்து திருப்பி அனுப்ப வேண்டும். பதிவேற்றப் பாதை அடைபட்டால் அந்தச் செய்திகள் தாமதமாகும், பதிவிறக்கமும் தளர்ந்துவிடும். காணொளி அழைப்பில் நம் குரலும் முகமும் செல்வது அந்தப் பாதையில்தான். 5 எம்பிபிஎஸ் பதிவேற்ற வேகத்தில் 4 ஜிபி கோப்பு செல்ல ஏறக்குறைய 1 மணி 50 நிமிடம் பிடிக்கும். இடையில் கணினியை மூடினால், மிச்சம் அடுத்த வகுப்பு வரை காத்திருக்கும்.

முதற்படி: குற்றவாளி கணினிதானா?

இணையம் மெதுவாக இருக்கும்போது அந்தக் கணினியின் வைஃபையை மட்டும் அணைத்துவிட்டு, கைப்பேசியில் வேகத்தைச் சோதியுங்கள். உடனே வேகம் கூடினால் சிக்கல் அந்தக் கணினியில் இருக்கிறது. மாற்றம் இல்லையென்றால் மோடத்தையோ இணையச் சேவையையோ வீட்டிலுள்ள வேறு கருவிகளையோ பார்க்க வேண்டும்.

இரண்டாம் படி: பெயரைக் கண்டுபிடியுங்கள்

கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்தினால் ‘டாஸ்க் மேனேஜர்’ திறக்கும். அதில் ‘நெட்வொர்க்’ என்ற தலைப்பைச் சொடுக்கினால் அதிக இணையத்தைப் பயன்படுத்தும் செயலி மேலே வந்து நிற்கும்.

அனுப்புவது எவ்வளவு, பெறுவது எவ்வளவு என்று தனித்தனியாக அறிய ‘ரிசோர்ஸ் மானிட்டர்’ உதவும். தொடக்கப் பட்டியலின் தேடலில் அந்தப் பெயரைத் தட்டச்சு செய்து திறந்து, ‘நெட்வொர்க்’ பகுதிக்குச் செல்லுங்கள். ஒரு விவரத்தைக் கவனிக்க வேண்டும். டாஸ்க் மேனேஜர் எம்பிபிஎஸ் கணக்கில் காட்டும். இது ஒரு விநாடிக்கு எத்தனை பைட் என்று காட்டும். 8 பிட் சேர்ந்தது 1 பைட். ஆக, விநாடிக்கு 5,00,000 பைட் என்றால் 4 எம்பிபிஎஸ்.

கடந்த நாள்களின் கணக்கும் கணினியில் இருக்கும். விண்டோஸ் 11-இல் ‘செட்டிங்ஸ்’, ‘நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட்’, ‘அட்வான்ஸ்டு நெட்வொர்க் செட்டிங்ஸ்’, ‘டேட்டா யூசேஜ்’ என்ற வரிசையில் சென்றால், கடந்த 30 நாள்களில் எந்தச் செயலி எவ்வளவு தரவைச் செலவழித்தது என்பது தெரியும். கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டில் படிக்கும் மாணவர்கள் இதை அவசியம் பார்க்க வேண்டும்.

மூன்றாம் படி: பெயருக்கேற்ற தீர்வு

*சர்வீஸ் ஹோஸ்ட்:* இதுதான் பலரையும் குழப்பும் பெயர். இது தனியொரு செயலி அன்று; விண்டோஸின் பல சேவைகளைத் தாங்கி ஓடும் கூடு. அதன் பக்கத்திலுள்ள அம்புக்குறியைச் சொடுக்கினால் உள்ளே ஓடும் சேவையின் பெயர் தெரியும். பெரும்பாலும் அது புதுப்பிப்பு சார்ந்ததாகவே இருக்கும்.

*டெலிவரி ஆப்டிமைசேஷன்:* விண்டோஸ் 10-இல் 2015-ஆம் ஆண்டு அறிமுகமான ஏற்பாடு. புதுப்பிப்புகளை மற்றக் கணினிகளிடமிருந்து பெறவும், அவற்றுக்குக் கொடுக்கவும் செய்யும். ‘விண்டோஸ் அப்டேட்’ பக்கத்தின் ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’ பகுதியில் இது இருக்கும். இணையத்திலுள்ள முகம் தெரியாத கணினிகளுக்கும் அனுப்பும்படி அமைந்திருந்தால், வீட்டுக் கணினிகளுக்கு மட்டும் என மாற்றுங்கள். வேக வரம்பையும் அங்கேயே விதிக்கலாம்.

*ஒன்டிரைவ் போன்ற மேகச் சேமிப்பு:* திரையின் வலது கீழ் மூலையிலுள்ள மேகச் சின்னத்தைச் சொடுக்கி, ஒத்திசைவை 2, 8 அல்லது 24 மணி நேரத்திற்கு நிறுத்தி வைக்கலாம். நிரந்தரத் தீர்வு வேண்டுமானால் அதன் அமைப்புகளில் பதிவேற்ற வேகத்திற்கு வரம்பு வையுங்கள். பெரிய காணொளிகளை ஒத்திசைவில் இல்லாத வேறொரு கோப்புறைக்கு மாற்றுவது அதைவிட நல்லது.

*விளையாட்டுச் செயலிகள்:* ஸ்டீம் போன்றவை தாமாகவே புதுப்பித்துக்கொள்ளும். அவற்றின் ‘டவுன்லோட்ஸ்’ அமைப்பில் நள்ளிரவுக்குப் பிந்திய நேரத்தைக் குறிப்பிடலாம்.

ஹாட்ஸ்பாட்டில் இணையும்போது, அந்த வைஃபையின் பண்புகளில் ‘மீட்டர்டு கனெக்‌ஷன்’ என்பதை இயக்கிவிடுங்கள். ‘இங்கே தரவு அளவோடுதான் கிடைக்கும்’ என்று கணினிக்குச் சொல்வது அது. விண்டோஸ் தன் பெரும்பாலான புதுப்பிப்புகளைத் தள்ளிவைக்கும். ‘ஆக்டிவ் அவர்ஸ்’ என்ற அமைப்பைப் பலர் இதற்காகப் பயன்படுத்துகிறார்கள். அது வேலை நேரத்தில் கணினி தானாக மறுதொடக்கம் ஆவதை மட்டுமே தடுக்கும், பதிவிறக்கத்தைத் தடுக்காது.

செய்யக் கூடாதவை

புதுப்பிப்புச் சேவையை ஒரேயடியாக முடக்காதீர்கள். பாதுகாப்பு ஓட்டைகள் அடைபடுவது அதன் மூலம்தான். முக்கியமான வகுப்போ நேர்முகத் தேர்வோ இருந்தால், ‘பாஸ் அப்டேட்ஸ்’ வசதியால் ஒரு வாரம் தள்ளிவைத்தால் போதும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது என்பதையும் நினைவில் கொள்க.

பெயர் தெரியாத செயலி தொடர்ந்து தரவை வெளியே அனுப்பினால் எச்சரிக்கை தேவை. அதன் மீது வலச்சொடுக்கி, கோப்பு இருக்குமிடத்தைத் திறந்து பாருங்கள். உண்மையான சர்வீஸ் ஹோஸ்ட் கோப்பு விண்டோஸ் கோப்புறைக்குள் ‘சிஸ்டம்32’ என்ற இடத்தில் இருக்கும். அதே பெயரில் ஒன்று ‘டவுன்லோட்ஸ்’ போன்ற இடத்தில் கிடந்தால் அது போலி. இணையத்தைத் துண்டித்துவிட்டு, ‘விண்டோஸ் செக்கியூரிட்டி’யில் முழுச் சோதனை நடத்துங்கள்.

“உங்கள் கணினியில் நச்சுநிரல் இருக்கிறது, இந்த எண்ணை அழையுங்கள்” என்று திரையில் தோன்றும் அறிவிப்பை நம்ப வேண்டாம். மைக்ரோசாப்டின் உண்மையான எச்சரிக்கைகளில் தொலைபேசி எண் இருக்காது. ஏமாந்து பணத்தை இழந்தவர்கள் மலேசியாவில் தேசிய மோசடி மறுமொழி மையத்தை 997 என்ற எண்ணில் உடனே அழைக்கலாம்.

நடைமுறைக்கு ஒரு யோசனை

வகுப்பு 8 மணிக்கு என்றால், கணினியை மாலையிலேயே திறந்து இணையத்தில் இணைத்து வைத்துவிடுங்கள். புதுப்பிப்பும் பதிவேற்றமும் அதற்குள் பெருமளவு முடிந்துவிடும். அம்மா இப்போது 5 மணிக்கே மடிக்கணினியைத் திறந்து வைத்துவிட்டுச் சமையலுக்குப் போகிறார். வகுப்பில் “கேட்கல” என்ற குரல் எழுவதில்லை.

தம்பிக்குக் கைப்பேசி திரும்பக் கிடைத்துவிட்டது. “நான் அப்பவே சொன்னேன்ல” என்று அவன் இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறான். உங்கள் வீட்டிலும் யார் மீதாவது அந்தப் பழி இருந்தால், தண்டனைக்கு முன் டாஸ்க் மேனேஜரை ஒரு முறை திறந்து பார்த்துவிடுங்கள்.