பிழைத்து வந்த பிறவி



கோவளத்துக் கடற்கரையில் மீனவர் வலையை உதறும்போது, மீனோடு சேர்ந்து முள்ளுருண்டை போன்ற ஓர் உயிரும் விழுவதுண்டு. கடல்முள்ளெலி என்பர். உணவுக்கு ஆகாதென்று அதனை மணலிலேயே எறிந்துவிடுவர். மனிதன் தான் கருவான விதத்தை அறிந்துகொள்வதற்கு இந்த எளிய உயிரினம் வழிகாட்டிற்று என்றால் பலர்க்கு வியப்பாக இருக்கும். அவ்வரலாற்றைச் சொல்லுமுன் மணிவாசகப் பெருமானைச் சற்றே நினைந்துகொள்வோம்.

போற்றித் திருவகவலில் அடிகள், மனிதப் பிறவி எடுக்கும் உயிர் தாய் வயிற்றிற் படும் பாட்டைத் திங்கள் திங்களாக எண்ணிச் செல்கிறார். கிருமிகளின் போரில் தப்புகிறது; முதல் திங்களில் இரண்டாகிவிடாமல் தப்புகிறது; இப்படியே சென்று, பத்தாம் திங்களில் தாயும் சேயும் ஒருங்கே அழுந்தும் பெருந்துயரினின்றும் தப்புகிறது. 'வளர்ந்தும்' என்று அடிகள் கூறவில்லை; 'பிழைத்தும்' என்றே கூறிச் செல்கிறார். அச்சொல்லை மனத்திற் கொள்க.

திருமூலரும் இரண்டாம் தந்திரத்தில் கர்ப்பக்கிரியை என்றே ஒரு பகுதி அருளியுள்ளார். இவற்றைக் காட்டி, இன்றைய மருத்துவ நூல் முழுவதும் அன்றே நம் நூல்களில் அடங்கிவிட்டது என்று மேடைதோறும் முழங்குவார் உளர். எமக்கு அஃது உடன்பாடன்று. அருளாளர்கள் உருப்பெருக்கி கொண்டு பார்த்தவர் அல்லர். பார்த்ததாகச் சொல்லவும் இல்லை. அவர்கள் கண்டது வேறு. ஆய்வாளர் கண்டது வேறு. ஆய்வாளர் கண்டதையும் அதற்குரிய மதிப்போடு கேட்போம்.

ஆலந்து நாட்டு லீவன்ஹூக் என்னும் துணி வணிகர், தாமே தேய்த்தமைத்த கண்ணாடி வில்லை வழியே, 1677இல் விந்தணுக்கள் நீந்துவதைக் கண்டார். கண்ட பின்னும் மயக்கம் தீரவில்லை. விந்தணுவின் தலைக்குள் ஒரு சின்னஞ்சிறு மனிதன் முடங்கி அமர்ந்திருப்பதாகப் படம் வரைந்தாரும் உண்டு! பாலூட்டிகளின் முட்டையை ஃபான் பேயர் ஒரு நாயின் வயிற்றில் கண்டறிந்தது 1827இல். இரண்டும் எவ்வாறு கூடுகின்றன என்பதை 1876இல் வெளியிட்டவர் ஜெர்மானியராகிய ஆஸ்கர் ஹெர்ட்விக். அவர் ஆராய்ந்தது மத்தியதரைக் கடலின் கடல்முள்ளெலியை. அதன் முட்டை கண்ணாடிபோல் தெளிந்தது. கருவுறுதலும் கடல்நீரிலேயே நிகழ்வது. ஆகவே இரு அணுக்கருக்கள் அணுகி ஒன்றாவதை அவரால் நேரே காண முடிந்தது.

மனிதரிலும் நிகழ்வது அதுவே. சினைமுட்டை ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு. வெளிவந்தபின் ஒரு நாளளவே அதற்கு ஆயுள். கோடிக்கணக்கில் புறப்படும் விந்தணுக்களுள் சில நூறே கருக்குழாயில் அதன் அருகே சென்று சேரும். ஒன்று உட்புகுந்ததும் முட்டையின் உறை மாறி மற்றவற்றைத் தடுத்துவிடும். தந்தை வழி 23, தாய் வழி 23 ஆக 46 குரோமோசோம்கள் கூடுகின்றன. ஏறத்தாழ முப்பது மணி நேரத்தில் அவ்வொரு செல் இரண்டாகும். மூன்றாம் நாள் எட்டளவாகும். நான்காம் நாள் முசுக்கட்டைப் பழம் போலத் திரளும். ஐந்தாம் நாள் உள்ளே நீர் கோத்த சிறு குமிழாகும். ஆறாம் ஏழாம் நாளில் கருப்பைச் சுவரிற் பதியத் தொடங்கும். நான்காம் வாரத்தில் இதயம் துடிக்கத் தொடங்குகிறது.

இவ்வழியில் எத்தனையோ கருக்கள் நின்றுவிடுகின்றன. கருவுற்றவற்றுள் ஒரு பெரும் பகுதி, பதியாமலோ பதிந்தும் நிலையாமலோ, தாய் அறியுமுன்னரே மறைந்துபோகின்றன. 'பிழைத்தும்' என்ற சொல்லை நாம் இங்கே மீண்டும் நினைக்கிறோம்.

இனிச் சொல்லப்போவது ஓர் அறிஞரின் துயரக் கதை. தாயுடலுக்கு வெளியே கருவுறச் செய்து பிறந்த முதற்குழந்தை, 1978 சூலை 25இல் இங்கிலாந்தின் ஓல்டாம் நகரிற் பிறந்தது. சரியாக எழுபது நாள் கழித்து, அக்டோபர் 3ஆம் நாள், கல்கத்தாவில் ஒரு பெண் மகவு அவ்வாறே பிறந்தது. துர்க்கா பூசைக் காலமாதலின் துர்க்கா என்றே அழைத்தனர். இதனைச் செய்தவர் மருத்துவர் சுபாஷ் முகர்ஜி. உடன் உழைத்தவர்கள் சுநீத் முகர்ஜி, சரோஜ் காந்தி பட்டாச்சார்யா ஆகிய இருவர். ஊக்குநீர் கொடுத்து முட்டைகளை முதிர்வித்த மாதத்தில் கருப்பை கருவை ஏற்கும் பக்குவத்தில் இராது என எண்ணிய அவர், கருவைக் கடுங்குளிரில் உறையவைத்துக் காத்து, வேறொரு மாதத்தில் தாயின் கருப்பையில் வைத்தார். இன்று உலகெங்கும் கைக்கொள்ளப்படும் முறை அது.

அன்று அதை நம்புவார் இல்லை. மேற்கு வங்க அரசு அமைத்த விசாரணைக் குழு அவர் கூற்றை ஏற்க மறுத்தது. சப்பானுக்குச் சென்று ஆய்வை விளக்கவும் இசைவு கிட்டவில்லை. 1981இல் அவரைக் கண் மருத்துவ நிலையம் ஒன்றுக்கு மாற்றினர். கருவை ஆராய்ந்தவர்க்குக் கண் மருத்துவ நிலையத்தில் என்ன வேலை? அவ்வாண்டு சூன் 19ஆம் நாள், ஐம்பது வயதில், தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்.

1986இல் பம்பாயில் இம்முறையில் ஒரு குழந்தை பிறந்தபோது, அதுவே இந்தியாவின் முதற்குழந்தை எனப் பதிவாயிற்று. அப்பெருமைக்கு உரியவருள் ஒருவர் டி. சி. ஆனந்தகுமார் என்னும் ஆய்வாளர். முகர்ஜியின் கையெழுத்துக் குறிப்புகள் பின்னாளில் அவர் கைக்கு வந்தன. படித்தார். ஐயமறத் தெளிந்தார். முதன்மை தமக்கன்று, முகர்ஜிக்கே உரியது என்று 1997இல் தாமே எழுதி வெளியிட்டார். தம் தலையில் இருந்த முடியைத் தாமே கழற்றி மறைந்தவர்க்குச் சூட்டிய அச்செயலை எத்துணை முறை சொன்னாலும் தகும்.

துர்க்கா என்று அழைக்கப்பட்ட அம்மகள் பல ஆண்டுகள் தம்மை வெளிப்படுத்திக்கொள்ளவில்லை. 2003இல், தமக்கு இருபத்தைந்து வயது நிறைந்தபோது, முகர்ஜியின் நினைவாக நடந்த கூட்டத்திற்கு வந்து, அக்குழந்தை தாமே என்று எழுந்து கூறினார்.