ஏழு நாளில் ஏழு தீவுகள்

பிரான்சில் பிள்ளையோ பேரனோ உள்ள குடும்பங்கள் நம் புதுச்சேரியில் ஏராளம். கோடை விடுமுறை வந்தால் அங்குள்ள இளைஞர்கள் நாலைந்து பேராகச் சேர்ந்து, பாய்மரப் படகு ஒன்றை வாடகைக்கு எடுத்து, ஒரு வாரம் தீவு தீவாகச் சுற்றிவருகிறார்கள். தென்பிரான்சில் மார்சேய் முதல் கான் வரையுள்ள கடற்கரை இதற்குப் பேர்போனது. எங்கே நீந்தலாம், எங்கே நல்ல மீன் கிடைக்கும் என்று அவர்கள் திட்டம் போடுகிறார்கள். அந்தத் தீவுகளில் சில, பிரெஞ்சில் படித்த எங்கள் தலைமுறைக்கு வேறு விதத்தில் பழக்கம். நாங்கள் படித்த புத்தகங்களில் அவை உல்லாசத் தலங்கள் அல்ல, சிறைகள்.

முதலில் பயணக் கணக்கு. மார்சேயிலிருந்து கான் வரை கடல் வழி சுமார் 100 கடல் மைல், அதாவது 185 கிலோமீட்டர். பாய்மரப் படகு மணிக்கு ஐந்து கடல் மைல் போகும் என்று வைத்தால் மொத்தம் இருபது மணி நேர ஓட்டம். ஏழு நாளுக்குப் பங்கிட்டால் நாளொன்றுக்கு மூன்று மணி நேரம்தான். காகிதத்தில் சுலபமாகத் தெரியும் இந்தக் கணக்கைக் கெடுப்பது 'மிஸ்த்ரால்' என்ற காற்று. ரோன் ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியாக வடமேற்கிலிருந்து கிளம்பி வரும். வானம் துடைத்து வைத்தாற்போல் நீலமாக இருக்கும். கடல் மட்டும் கொந்தளிக்கும். மூன்று நாள், ஆறு நாள், ஒன்பது நாள் என்று மூன்றின் மடங்கில் வீசும் என்பது அவ்வூர் நம்பிக்கை. ஆகவே மேற்கிலிருந்து கிழக்கே போவது நல்லது. காற்று முதுகுப்பக்கம் இருக்கும். ஒரு நாளையாவது துறைமுகத்தில் சும்மா கிடப்பதற்கென்று ஒதுக்கிவைக்க வேண்டும். வாடகைப் படகை ஏறிய இடத்திலேயே ஒப்படைப்பது பொது வழக்கம். ஒருவழிப் பயணம் என்றால் முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும்.

மார்சேய் துறைமுகத்தை விட்டதும் எதிரே தெரிவது இஃப் தீவு. இதற்கு வந்த முதல் பிரபலம் நம் நாட்டு விருந்தாளி. குஜராத் சுல்தானிடமிருந்து போர்த்துகீசியருக்குப் போய்ச் சேர்ந்த ஒரு காண்டாமிருகத்தை, அவர்களின் மன்னர் மனுவேல் ரோமாபுரிப் போப்பாண்டவருக்குப் பரிசாக அனுப்பினார். 1516-இன் தொடக்கத்தில் கப்பல் இங்கே தங்கியபோது பிரெஞ்சு மன்னர் முதலாம் பிரான்சுவாவே வந்து அதைப் பார்த்தார். பிறகு இத்தாலியக் கரையோரம் கப்பல் மூழ்கி அந்த ஜீவன் இறந்துபோனது. அதே மன்னர்தான் பின்னர் இஃபில் கோட்டை கட்டினார். மார்சேயைக் காக்க எழுந்த கோட்டை விரைவிலேயே சிறையானது. புராட்டஸ்டண்டு மதத்தைக் கைவிட மறுத்தவர்கள் ஏராளமாக இங்கே அடைபட்டார்கள். ஆனால் 1890-இல் பொதுமக்களுக்குக் கோட்டையைத் திறந்தபோது, கூட்டம் தேடிவந்தது அவர்களை அல்ல. அலெக்சாந்தர் துய்மாவின் நாவலில் வரும் எட்மோன் தாந்தேஸின் அறையை. இல்லாத கைதிக்குக் கிடைத்த புகழ் இருந்த கைதிகளுக்குக் கிடைக்கவில்லை.

அடுத்துள்ள ஆம்பியே, போர்க்கரோல், போர்-க்ரோ மூன்றிலும் மனம் விட்டு நீந்தலாம். ஆம்பியேவை 1958-இல் மதுபான முதலாளி போல் ரிக்கார் வாங்கினார். போர்க்கரோலை 1912-இல் மெக்சிகோ சுரங்கங்களில் பணம் சேர்த்த ஃபூர்னியே என்பவர் மனைவிக்குக் கல்யாணப் பரிசாக வாங்கினார்; 1971-இல் அதன் பெரும்பகுதியை அரசு விலைக்கு வாங்கியது. போர்-க்ரோ 1963 முதல் தேசியப் பூங்கா. இப்பகுதிக் கடலடியில் பொசிதோனியா என்ற கடற்புல் வயல்போல் வளர்ந்திருக்கிறது. நங்கூரம் அதைப் பிய்த்தால் மறுபடி முளைக்கப் பல ஆண்டுகள் ஆகும். எங்கே நங்கூரம் போடலாம் என்ற விதியைக் கேட்டுக்கொண்டு, மணல் பார்த்துப் போட வேண்டும்.

போர்-க்ரோவுக்குப் பக்கத்திலேயே லெவான் தீவு. 1931-இல் தொடங்கிய நிர்வாணவாதிகள் கிராமத்தால் உலகம் அறிந்த தீவு இது. பேரப்பிள்ளைகள் அந்த ஒரு செய்தியைச் சொல்லிச் சிரிப்பார்கள். அதற்கு எழுபது ஆண்டுகள் முன்பு, 1861-இல், தீவின் சொந்தக்காரரான பூர்த்தலேஸ் பிரபு இங்கே சிறுவர்களுக்கான விவசாயச் சிறை ஒன்றைத் திறந்தார். 1850-ஆம் ஆண்டுச் சட்டம் இப்படிப்பட்ட சிறைகளைத் தனியார் நடத்த இடம் கொடுத்திருந்தது. வந்தவர்கள் திருடிப் பிடிபட்டவர்கள், தெருவில் திரிந்தவர்கள், அநாதைகள். சிலருக்குப் பத்து வயதுகூட ஆகவில்லை. 'தெரியாமல் செய்தான், குற்றவாளி இல்லை' என்று நீதிமன்றமே விடுவித்த பையன்களும் திருத்துவதற்கென்று இப்படிப்பட்ட இடங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். காட்டை வெட்டி நிலம் திருத்தினார்கள். பசியும் நோயும் வேலையும் சேர்ந்து ஆளைக் கொன்றன. 1866 அக்டோபரில் கலகம் மூண்டது; தீயில் பத்துக்கும் மேற்பட்ட சிறுவர்கள் கருகினார்கள். 1878-இல் மூடுவதற்குள் சுமார் நூறு பிள்ளைகள் அந்தத் தீவிலேயே மண்ணானார்கள். இன்று தீவின் பெரும்பகுதி ராணுவத்தின் ஏவுகணைச் சோதனைத் தளம். நினைத்தபடி போய்ப் பார்க்க முடியாது.

லெவானிலிருந்து கான் போகும் வழியில் சேன் த்ரோப்பேயில் ஓர் இரவு தங்கலாம். அங்கே துறைமுகத்தை ஒட்டி ஒரு கடற்படைத் தளபதியின் வெண்கலச் சிலை நிற்கிறது. 1866-இல் வைத்தது. யாரென்று புதுச்சேரிக்காரர் கேட்கத் தேவையில்லை. 1783-இல் கடலூருக்கு எதிரே ஆங்கிலேயக் கப்பற்படையோடு மோதிய சுய்ப்ரேன்தான். நம் சுய்ப்ரேன் வீதிக்குப் பெயர் கொடுத்தவர். லெவானில் பிள்ளைகள் எரிந்த அதே ஆண்டில் இந்தச் சிலை எழுந்தது என்பதை நான் சும்மா குறித்துவைக்கிறேன்.

கடைசியாக, கான் நகருக்கு எதிரே இரட்டைத் தீவுகள். பெரியது சேன்த்-மார்கெரித். 'இரும்பு முகமூடி மனிதன்' என்று கதையாகிப்போன கைதி 1687 முதல் 1698 வரை இருந்தது இங்கேதான். கோப்புகளோடு காலம் கழித்தவன் என்பதால் எனக்கு முகமூடியைவிட அவனைப் பற்றிய கடிதங்களே முக்கியம். 1669-இல் கைது செய்தபோது அமைச்சர் லூவுவா சிறையதிகாரிக்கு எழுதினார்: தன் அன்றாடத் தேவையைத் தவிர வேறெது பேசினாலும் கொன்றுவிடுவதாக அவனை மிரட்டி வையுங்கள்; அவன் வெறும் வேலைக்காரன்தான். பிற்பாடு பஸ்தீய் சிறைப் பதிவேட்டில் இருப்பதும் கறுப்பு வெல்வெட் முகமூடிதான். அது இரும்பாக மாறியது வோல்தேர் போன்றவர்களின் எழுத்தில்.

அதே தீவில் மார்ஷல் பசேனும் இருந்தார். 1870 போரில் மெட்ஸ் நகரைப் பகைவரிடம் ஒப்படைத்ததற்காக இருபது ஆண்டு தண்டனை பெற்றவர். 1874 ஆகஸ்டில் ஓர் இரவு கோட்டையிலிருந்து தப்பினார். கீழே படகில் மனைவி காத்திருந்தார். வெளியே படகோடு ஆள் இருந்தால் தீவுச் சிறை அவ்வளவுதான்.

படகு வராதவர்களும் அங்கே இருந்தார்கள். அல்ஜீரியாவில் பிரெஞ்சுப் படையை எதிர்த்த அப்துல் காதரின் கூடாரப் பாளையம் 1843-இல் பிடிபட்டது. பிடிபட்ட ஆண், பெண், குழந்தைகள் பலரை இத்தீவுக்குக் கொண்டுவந்து அடைத்தார்கள். திரும்பாதவர்களின் முஸ்லிம் இடுகாடு இன்றும் பைன் மரங்களுக்கு இடையே இருக்கிறது. இருநூறுக்கும் மேற்பட்ட கல்லறைகள். முகமூடிக்காரனின் அறைக்குச் சீட்டு வாங்கிப் போகிறவர்களில் எத்தனை பேர் இந்தப் பக்கம் வருகிறார்கள்?

சிறிய தீவான சேன்-ஒனொராவில் ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மடம் எழுந்தது. இடையில் ஒரு நூற்றாண்டுக்கும் குறைவான இடைவெளி விழுந்தாலும், 1869 முதல் மறுபடி துறவிகள் தங்கித் திராட்சை பயிரிட்டு ஒயின் செய்கிறார்கள். இரண்டு தீவுக்கும் நடுவே குறுகிய ஜலசந்திதான். ஒரே கடல், ஒரே காற்று, ஒரே பைன் மரம். இங்கே இருந்தவன் தானாக வந்தான். அங்கே இருந்தவனைக் கொண்டுவந்து போட்டார்கள்.

உங்கள் பேரப்பிள்ளைகள் அடுத்த கோடைக்குத் திட்டம் அனுப்பினால், நீந்த வேண்டாம் என்று யாரும் சொல்லப்போவதில்லை. கடைசி நாளில் இரண்டு மணி நேரம் மட்டும் கேட்டு வாங்குங்கள். சேன்த்-மார்கெரித்தில் கோட்டையைப் பார்த்த பிறகு, அந்த இடுகாடு வரை நடந்துபோய் வரச் சொல்லுங்கள். லெவானைத் தாண்டும்போது, அந்தப் பையன்களின் கதையைப் படகில் யாராவது ஒருவர் மற்றவர்களுக்குச் சொன்னால் போதும்.