மூர்த்தி, வி. கே.

மூர்த்தி, வி. கே. (26 நவம்பர் 1923, மைசூரு – 7 ஏப்ரல் 2014, பெங்களூரு): இந்தித் திரைப்பட ஒளிப்பதிவாளர்; கறுப்பு வெள்ளைப் படப்பிடிப்பின் முன்னோடிகளுள் ஒருவர். தாதாசாகேப் பால்கே விருது பெற்ற முதல் ஒளிப்பதிவாளர்.

பெங்களூரு ஸ்ரீ ஜெயசாமராஜேந்திரா பாலிடெக்னிக்கில் 1946-இல் ஒளிப்பதிவுப் பட்டயம் பெற்றார். வயலின் வாசிப்பும் அறிந்தவர். பம்பாயில் 'பாஸி' (1951) படத்தில் உதவியாளராக இருந்தபோது அதன் இயக்குநர் குரு தத்தின் கவனத்தைப் பெற்று, 'ஜால்' (1952) முதல் அவருடைய ஒளிப்பதிவாளரானார். 'பியாசா' (1957), 'சாகிப் பீபி அவுர் குலாம்' (1962) ஆகியவை இக்கூட்டணியின் புகழ்பெற்ற படங்கள்.

இந்தியாவின் முதல் சினிமாஸ்கோப் படமான 'காகஸ் கே பூல்' (1959) அவருடைய தலைசிறந்த ஆக்கம். 'வக்த் நே கியா' பாடற்காட்சிக்கு, அரங்கின் வெளியே விழுந்த வெயிலைப் பெரிய கண்ணாடிகளால் உள்ளே திருப்பி, இருளைக் கிழித்து இறங்கும் ஒற்றை ஒளிக்கற்றையை உருவாக்கினார். விளக்கொளியில் எளிதில் கிட்டாத இணைகதிர்த் தன்மையை வெயில் தந்தது. பாத்திரங்களின் தனிமையை வசனத்தைவிட அழுத்தமாக அவ்வொளியே உணர்த்துகிறது. இப்படம் வணிகத்தில் தோற்றாலும் அவருக்குப் பிலிம்பேர் விருதைத் தந்தது. 'சாகிப் பீபி அவுர் குலாம்' இரண்டாவதைத் தந்தது.

குரு தத் 1964-இல் மறைந்தபின் பிற இயக்குநர்களுடன் பணியாற்றினார். ஷியாம் பெனகலின் 'பாரத் ஏக் கோஜ்' தொலைக்காட்சித் தொடரிலும், 'ஹூவு ஹண்ணு' (1993) கன்னடப் படத்திலும் பங்களித்தார். இயக்குநர் கோவிந்த் நிஹலானி இவரிடம் உதவியாளராக இருந்தவர்.

இறுதிக்காலத்தைப் பெங்களூருவில் கழித்தார். 2008-ஆம் ஆண்டுக்கான பால்கே விருது 2010-இல் வழங்கப்பட்டபோது அவருக்கு வயது 86.