நியூமன், ஜான் ஹென்றி (1801–1890)

ஆங்கிலிக்கன் குருவாயிருந்து கத்தோலிக்கராக மாறி, பின்னாளில் புனிதராக அறிவிக்கப்பட்ட ஆங்கிலேய இறையியலாளர், கர்தினால். லண்டனில் பிறந்தவர். ஆங்கிலிக்கன் திருச்சபையில் கத்தோலிக்க மரபை மீட்க முனைந்த ஆக்ஸ்ஃபோர்டு இயக்கத்தின் தலைவர்களுள் ஒருவர். 1845 அக்டோபர் 9 அன்று லிட்டில்மோரில் இத்தாலியத் துறவி டொமினிக் பார்பெரி இவரைக் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்த்தார். 1879இல் திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ கர்தினாலாக்கினார்.

புனிதர் பட்ட நடவடிக்கை 1958இல் தொடங்கி மிக மெதுவாக நகர்ந்தது: 1991இல் வணக்கத்துக்குரியவர், 2010இல் அருளாளர், 2019இல் புனிதர். கடைசி இரு நிலைகளுக்கும் சான்றாக ஏற்கப்பட்டவை அமெரிக்காவில் நிகழ்ந்த குணமடைதல்கள். ஒன்று முதுகுத்தண்டு நோய், மற்றது கர்ப்பகால இரத்தப்போக்கு. இந்நடவடிக்கையின் பகுதியாக 2008இல் இவரது கல்லறையைத் திறந்தபோது உடலின் எச்சம் கிடைக்கவில்லை. 2025இல் மறைவல்லுநராக அறிவிக்கப்பட்டார். வழக்கத்துக்கு மாறாக, இவரது திருநாள் இறந்த நாளில் அன்றி கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்த நாளில் கொண்டாடப்படுகிறது.