மட்டமும் கணக்கும்: கேம்ப்பர்வேன் பேட்டரியை வாசிக்கும் இரண்டு கருவிகள்

பிரிட்டனில் ஓடும் கேம்ப்பர்வேன்களில் பெரும்பாலும் இரண்டு பேட்டரிகள் இருக்கும். ஒன்று எஞ்சினைக் கிளப்புவதற்கு. மற்றொன்று, வண்டி நின்ற பிறகு உள்ளே வாழ்வதற்கு. விளக்கு, ஃபிரிட்ஜ், தண்ணீர் பம்ப், டீசல் ஹீட்டர், போன் சார்ஜர் எல்லாம் இந்த இரண்டாவதிலிருந்துதான் மின்சாரம் எடுக்கும். அங்கே இதற்கு லெஷர் பேட்டரி என்று பெயர். மின் இணைப்பு தரும் முகாம்களில் தங்குபவர்கள் இதைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. இன்வர்னஸில் தொடங்கி ஸ்காட்லாந்தின் வடகரையைச் சுற்றிவரும் 516 மைல் நார்த் கோஸ்ட் 500 போன்ற பாதையில், இணைப்பே இல்லாத இடத்தில் இரவைக் கழிப்பவர்களுக்குத்தான் கவலை. விடியும்வரை ஹீட்டர் ஓடுமா என்பது அவர்களுக்குக் குளிரோடு சம்பந்தப்பட்ட கேள்வி.

ஒரு நாள் செலவைப் போட்டுப் பார்ப்போம். 12 வோல்ட் கம்ப்ரசர் ஃபிரிட்ஜ் ஓடும்போது 4 ஆம்பியர் எடுக்கிறது, மூன்றில் ஒரு பங்கு நேரம் ஓடுகிறது என்றால் 24 மணி நேரத்தில் 32 ஆம்பியர்-மணி. ஹீட்டர் 8 மணி நேரத்துக்கு 12, விளக்குகள் 4, போன், லேப்டாப் வகையில் 6 என்று கூட்டினால் 54. கடையில் 110 ஆம்பியர்-மணி என்று விற்கப்படும் ஈய-அமில பேட்டரியில், ஆயுள் கெடாமல் எடுக்கக்கூடியது பாதி, அதாவது 55. வெயிலும் இல்லாமல் வண்டியும் ஓடாமல் இருந்தால் ஒரே நாள்தான் தாங்கும். கணக்கு இவ்வளவு இறுக்கமாக இருக்கும்போது, உள்ளே எவ்வளவு மிச்சம் என்று தெரிந்தே ஆகவேண்டும்.

அதைத் தெரிந்துகொள்ள இரண்டு கருவிகள் உண்டு. ஒன்று சில பவுண்டுகளுக்குக் கிடைக்கும் டிஜிட்டல் வோல்ட் மீட்டர். மற்றொன்று, நல்ல தயாரிப்பாக வாங்கினால் நூறு பவுண்டை ஒட்டி விலை வரும் ஷன்ட் வகை பேட்டரி மானிட்டர். மலிவானது தொடக்கக்காரர்களுக்கு, விலை கூடியது விவரம் தெரிந்தவர்களுக்கு என்றே பலரும் நினைக்கிறார்கள். அளக்கும் முறை, பேட்டரியின் வேதியியல், பொருத்தும் வேலை, பிழை வரும் வழி ஆகிய நான்கையும் வைத்துப் பார்த்தால் இந்தப் பிரிவினை நிற்காது என்பதே என் முடிவு.

அளக்கும் முறை

மேல்நிலைத் தொட்டியில் குச்சியை விட்டு நீர்மட்டம் பார்ப்பது வோல்ட் மீட்டரின் வழி. தொட்டிக்குள் வரும் குழாயிலும் வெளியே போகும் குழாயிலும் ஓட்டத்தை அளந்து, மிச்சத்தைக் கணக்கிடுவது ஷன்ட்டின் வழி. முன்னது இந்த நொடியின் நிலையை மட்டும் சொல்லும். நேற்று நடந்தது அதற்குத் தெரியாது. பின்னதற்கு நடந்ததெல்லாம் தெரியும். ஆனால் கணக்கைத் தொடங்கிய இடம் தவறாக இருந்தால் மொத்தமும் தவறு.

ஷன்ட் என்பது இரண்டு தடித்த உலோகக் கட்டிகளுக்கு இடையே மாங்கனின் பட்டைகளைப் பற்றவைத்த எளிய பொருள். சூடு ஏறினாலும் மின்தடை அதிகம் மாறாத கலப்புலோகம் என்பதால் மாங்கனின். 500 ஆம்பியர் ஓடும்போது 50 மில்லிவோல்ட் விழும்படி செய்யப்பட்டிருக்கும். அதன் தடை ஓமில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. ஃபிரிட்ஜ் 5 ஆம்பியர் எடுத்தால் அதன் குறுக்கே விழுவது அரை மில்லிவோல்ட். இந்தச் சிறு வித்தியாசத்தை இடைவிடாமல் அளந்து, நேரத்தால் பெருக்கி, போனது வந்தது இரண்டையும் கூட்டிக் கழித்து, "72 சதவீதம்" என்று திரையில் காட்டுகிறது. வேகமாக எடுத்தால் ஈய பேட்டரி குறைவாகவே தரும் என்பதை ஜெர்மானியரான பாய்க்கர்ட் 1897-இல் சூத்திரமாக்கினார். அந்தத் திருத்தமும் இந்தக் கணக்கில் சேரும்.

எஞ்சின் ஓடும்போது இரண்டுக்கும் உள்ள வேறுபாடு இன்னும் தெளிவாகும். 12.4 காட்டிக்கொண்டிருந்த வோல்ட் மீட்டர் 14 வோல்ட்டுக்கு மேல் ஏறினால், ஆல்டர்னேட்டரிலிருந்து லெஷர் பேட்டரிக்குச் சார்ஜ் வருகிறது. ஏறாமல் நின்றால் ரிலேயோ ஃபியூஸோ போயிருக்கக்கூடும். இந்த ஒரு செய்திக்காகவே வோல்ட் மீட்டரை ஓட்டுநர் கண்ணில் படும் இடத்தில் வைக்கலாம். ஆனால் வருவது 2 ஆம்பியரா 20 ஆம்பியரா என்று அது சொல்லாது. ஒரு மணி நேரம் ஓட்டினால் இன்றைய செலவு ஈடாகுமா என்ற கேள்விக்கு ஷன்ட்டிடம்தான் பதில் உண்டு.

ஈயமும் லித்தியமும்

எந்தக் கருவி என்று முடிவு செய்வதற்கு முன், எந்த பேட்டரி என்று பார்க்க வேண்டும். ஈய பேட்டரியில் கந்தக அமிலம் வெறும் ஊடகம் அல்ல, வினையில் பங்கெடுக்கும் பொருள். சார்ஜ் இறங்க இறங்க அமிலம் நீர்த்துப்போகிறது, அதோடு வோல்டேஜும் இறங்குகிறது. அமிலத்தின் ஒப்படர்த்தியோடு 0.84 கூட்டினால் ஒரு செல்லின் வோல்டேஜ் ஏறத்தாழக் கிடைத்துவிடும். 1.27 என்றால் 2.11; ஆறு செல்லுக்கு 12.66. ஆகவே வோல்டேஜைப் படிப்பது அமிலத்தையே படிப்பதற்குச் சமம். ஓய்வில் 12.7 என்றால் முழு இருப்பு, 12.45 அளவில் முக்கால், 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால், 11.8 என்றால் காலி. ஏஜிஎம் வகை பேட்டரியில் இந்த எண்கள் சற்றே கூடுதலாக இருக்கும்.

ஓய்வில் என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. சார்ஜர் கழன்ற உடனே 13-க்கு மேல் காட்டும் எண், தகட்டின் மேற்பரப்பில் நிற்கும் சார்ஜின் எண். அது அடங்கச் சில மணி நேரம் ஆகும். மாறாக, ஃபிரிட்ஜ் கிளம்பும்போதோ ஹீட்டரின் குளோ பிளக் சூடேறும்போதோ எண் சட்டென்று சரியும். அதைப் பார்த்து பேட்டரி தீர்ந்துவிட்டதென்று பதற வேண்டாம். அதிகாலையில், எதையும் போடுவதற்கு முன் பார்க்கும் எண்ணே நம்பத் தகுந்தது.

லித்தியம் இரும்பு பாஸ்பேட்டில் கதை வேறு. இந்தப் பொருளை 1997-இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் குட்எனஃப் குழுவினர் வெளிக்கொணர்ந்தார்கள். இதில் லித்தியம் உள்ள நிலையும் இல்லாத நிலையும் ஒரே துகளுக்குள் அருகருகே இருக்கின்றன. இறங்கும்போது இவற்றின் விகிதம்தான் மாறுகிறது. அதனால் வோல்டேஜ் ஏறக்குறைய அசைவதே இல்லை. 70 சதவீதத்திலிருந்து 40-க்கு இறங்கும்போது ஓய்வு வோல்டேஜ் 0.1 அளவுதான் குறையும். 13.2 என்ற எண் 13.1 ஆவதற்குள் பேட்டரியில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். கடைசியில் வோல்டேஜ் செங்குத்தாகச் சரியும், உள்ளிருக்கும் பாதுகாப்புச் சுற்று மின்சாரத்தை நிறுத்தும், வண்டி இருளும். எச்சரிக்கைக்கு இடமே இல்லை. லித்தியம் பேட்டரியை வோல்ட் மீட்டரை மட்டும் நம்பி ஓட்டுவது சரியல்ல.

பொருத்தும் வேலை

வோல்ட் மீட்டருக்கு இரண்டே கம்பிகள். ஆனால் அவை எங்கிருந்து வருகின்றன என்பதில்தான் கருவியின் தரம் முழுவதும் இருக்கிறது. சமையல் மேடைக்குப் பின்னால் ஃபிரிட்ஜுக்குப் போகும் கம்பி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதே என்று அதிலேயே மீட்டரை இணைத்துவிடுவது வழக்கம். அந்தக் கம்பி 1.5 சதுர மில்லிமீட்டர், பேட்டரியிலிருந்து தூரம் 5 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். போக வர 10 மீட்டர். தடை ஏறத்தாழ 0.115 ஓம். ஃபிரிட்ஜ் 5 ஆம்பியர் எடுத்தால் கம்பியிலேயே 0.57 வோல்ட் போய்விடும். பேட்டரி முனையில் 12.5; மீட்டரில் 11.9. முக்கால் தொட்டி இருக்க, ஏறக்குறையக் காலி என்று படிக்கிறோம்.

தீர்வு எளிது. மீட்டருக்கென்று தனியாக இரண்டு மெல்லிய கம்பிகளை பேட்டரி முனைகளிலிருந்தே இழுக்க வேண்டும். மீட்டர் எடுப்பது 20 மில்லிஆம்பியர் என்றால் 0.5 சதுர மில்லிமீட்டர் கம்பியிலும் விழுவது 7 மில்லிவோல்ட்தான். பாசிட்டிவ் முனைக்கு மிக அருகில் 1 ஆம்பியர் ஃபியூஸ் கட்டாயம். மெல்லிய கம்பி எங்காவது உராய்ந்து பாடியில் பட்டால், தீப்பிடிக்காமல் காப்பது அதுதான். கூடவே ஒரு பொத்தான் சுவிட்சும் போடுவது நல்லது. 20 மில்லிஆம்பியர் நாளுக்கு அரை ஆம்பியர்-மணி. குளிர்காலத்தில் நான்கு வாரம் நிறுத்திவைத்தால் 13 ஆம்பியர்-மணிக்கு மேல், பேட்டரியைப் பார்ப்பதற்கென்றே செலவாகும்.

ஷன்ட்டுக்கு வேலை அதிகம். பேட்டரியின் நெகட்டிவ் முனையிலிருந்து தடித்த கேபிள் ஒன்று ஷன்ட்டின் பேட்டரி பக்கத்துக்கு. மற்ற எல்லா நெகட்டிவ்களும், வண்டியின் பாடிக்குப் போகும் எர்த்தும், சோலார் கன்ட்ரோலரும், மறுபக்கத்துக்கு. பேட்டரியின் நெகட்டிவ் முனையில் அந்த ஒரு கேபிளைத் தவிர வேறு எதுவும் இருக்கக் கூடாது. வாயு கசிவு எச்சரிக்கைக் கருவி 0.1 ஆம்பியர் எடுக்கிறது, அதன் நெகட்டிவ் மட்டும் பழைய இடத்திலேயே இருக்கிறது என்றால், ஒரு வாரத்தில் 17 ஆம்பியர்-மணி கணக்கில் வராமலே போயிருக்கும். சோலார் நெகட்டிவ் அப்படி இருந்தால் நேர்மாறு: பேட்டரி நிறைந்திருக்கும், திரை நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டே போகும். ஆனால் சரியாகப் பொருத்திய ஷன்ட் மானிட்டர் தனக்கென்று எடுப்பது மிகக் குறைவு. விக்ட்ரான் நிறுவனத்தின் பிஎம்வி-712 போன்றவை 1 மில்லிஆம்பியருக்கும் கீழே.

பிழை வரும் வழி

வோல்ட் மீட்டரின் பிழை நாள்தோறும் ஒரே மாதிரி இருக்கும், வளராது. ஒரு சதவீதப் பிழை என்றால் 12 வோல்ட்டில் 0.12. பாதிக்கும் முக்காலுக்கும் இடையே இருப்பதே கால் வோல்ட்தான் என்பதால் இது சின்னப் பிழை அல்ல. ஆனால் நம்பகமான மல்டிமீட்டரை பேட்டரி முனையில் வைத்து ஒருமுறை ஒப்பிட்டு, வித்தியாசத்தை மீட்டரின் அருகில் எழுதி ஒட்டிவிட்டால் தீர்ந்தது. புள்ளிக்குப் பிறகு இரண்டு இலக்கம் காட்டும் மீட்டராகப் பார்த்து வாங்குவதும் அவசியம்.

ஷன்ட்டின் பிழை வளரும். அளவீட்டில் உள்ள சிறு தவறுகள் நாள்தோறும் சேர்ந்துகொண்டே போகும். அதனால்தான் அவ்வப்போது "இதுதான் முழு இருப்பு" என்று கணக்கை நேர்செய்ய வேண்டியிருக்கிறது. அதை எப்படிச் செய்கிறது? வோல்டேஜைப் பார்த்துத்தான். வோல்டேஜ் ஒரு வரம்பைத் தாண்டி, உள்ளே போகும் மின்னோட்டம் கொள்ளளவில் 4 சதவீதத்துக்குக் கீழே வந்து, 3 நிமிடம் நின்றால் நூறு என்று எழுதிக்கொள்கிறது பிஎம்வி. வரம்பைத் தாழ்வாக வைத்துவிட்டால், சோலார் சார்ஜ் ஏறும்போது மேகம் மறைத்து மின்னோட்டம் குறைவதையே நிறைவு என்று எடுத்துக்கொண்டு, பாதி நிறைந்த பேட்டரிக்கு நூறு போட்டுவிடும். சார்ஜர் தரும் உச்ச வோல்டேஜுக்குச் சற்றே கீழே அந்த வரம்பை உயர்த்தி வைப்பது இதைத் தடுக்கும்.

பேட்டரியின் முதுமையும் ஷன்ட்டுக்குத் தானாகத் தெரியாது. 100 ஆம்பியர்-மணி என்று பதிந்த பேட்டரி வயதாகி 70-க்குச் சுருங்கியிருந்தால், முழுவதும் தீர்ந்தபோதும் திரை 30 சதவீதம் என்று சொல்லும். அந்த நேரத்தில் 11.8 என்று உண்மையைச் சொல்வது வோல்டேஜ்தான்.

யாருக்கு எது

ஒரு சாதாரண ஈய பேட்டரி, வார இறுதிப் பயணம், பெரும்பாலும் மின் இணைப்புள்ள முகாம் என்றால், பேட்டரி முனையிலிருந்து தனிக் கம்பி இழுத்து, ஒப்பிட்டுச் சரிபார்த்த வோல்ட் மீட்டர் போதும். காலையில் 12.2-க்குக் கீழே போகவிடாமல் பார்த்துக்கொள்வது பழகிவிட்டால், அதற்குமேல் செலவழிக்கும் பணம் பெரிய பேட்டரிக்கோ சோலார் தகட்டுக்கோ போகட்டும். அரைகுறை இருப்பில் விட்டுவைத்த ஈய பேட்டரியின் தகடுகளில் சல்ஃபேட் இறுகிவிடும். அதைத் தடுக்க இந்தச் சின்ன மீட்டரே போதுமானது.

லித்தியம் என்றால் ஷன்ட்டைத் தவிர்க்க முடியாது. பேட்டரிக்குள்ளேயே மானிட்டர் இருந்து போனில் சதவீதம் தெரிந்தால் அதுவும் இதே கணக்குதான், இதே நேர்செய்தல் அதற்கும் வேண்டும். ஈய பேட்டரியாகவே இருந்தாலும், நாள்கணக்கில் இணைப்பில்லாமல் தங்கி, சோலாரும் ஆல்டர்னேட்டரும் மாறி மாறிச் சார்ஜ் ஏற்றும் வண்டிக்கு ஷன்ட் பொருத்துவதே முறை. அந்த வண்டியில் பேட்டரி ஓய்வில் இருக்கும் நேரமே அரிது, ஓய்வு இல்லாத இடத்தில் வோல்டேஜ் அட்டவணைக்கு வேலை இல்லை.

ஷன்ட் வைத்திருப்பவர்கள் அதன் திரையில் சதவீதத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும் வோல்டேஜையும் படிக்கப் பழக வேண்டும். ஈய பேட்டரி என்றால், மாதம் ஒருமுறை விடியற்காலையில் இரண்டையும் ஒப்பிடுங்கள். 50 சதவீதம் என்ற கணக்குக்கு 12.2 ஒத்துப்போனால் நல்லது. அதே 50-க்கு 11.9 வந்தால், முதலில் நெகட்டிவ் கம்பிகளைத் தேடுங்கள். அவை சரியாக இருந்தால் பேட்டரி மூப்படைந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு, பதிந்துவைத்த கொள்ளளவைக் குறையுங்கள். லித்தியத்தில் இந்த ஒப்பீடு நடுவில் உதவாது. அங்கே மாதம் ஒருமுறை முழுமையாகச் சார்ஜ் ஏற்றி, திரை நூறைத் தொடுகிறதா என்று பார்த்துக்கொண்டால் கணக்கு நேராகவே நிற்கும்.