பேர்லின்: இடிந்ததை இடிந்தபடி வைத்திருக்கும் நகரம்

1984, 85ஆம் ஆண்டுகளில் ஜேர்மனிக்குப் போய்ச் சேர்ந்த எங்கள் ஆட்களிடம் ஐரோப்பாவில் முதலில் பார்த்த இடம் எது என்று கேட்டால், பலர் ஒரு தொடருந்து நிலையத்தின் பெயரைச் சொல்வார்கள்: பிரெட்ரிக்ஸ்ட்ராஸ. மொஸ்கோ ஊடாகக் கிழக்கு பேர்லினின் ஷோனபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, இந்த நிலையத்துக்கு வந்து, மேற்குப் பக்கத் தொடருந்தில் ஏறினால் மேற்கு பேர்லின். மேற்கு ஜேர்மனி அந்தப் பிரிகோட்டை ஒரு நாட்டெல்லையாக ஏற்காததால், மேற்குப் பக்கத்தில் விசா பார்க்க ஆளில்லை. 83 ஆடிக் கலவரத்துக்குப் பின் ஆயிரக்கணக்கான தமிழர் இந்த வழியால்தான் போனார்கள். 1985 யூலையில் கிழக்கு ஜேர்மனி இதைத் தமிழருக்கு மூடியது.

இன்று வன்னியிலிருந்து பிள்ளைகளைப் பார்க்க ஜேர்மனி போகும் பெற்றோரைப் பெரும்பாலும் பிராண்டன்பேர்க் வாயிலுக்கு முன் நிறுத்திப் படம் எடுப்பார்கள். எடுக்கட்டும். 1791இல் கட்டி முடித்த வாயில் அது. உச்சியிலுள்ள குதிரைத் தேரை 1806இல் நெப்போலியன் பாரிசுக்குக் கொண்டுபோக, 1814இல் திரும்பி வந்தது. ஆனால் போரைக் கண்ட சனம் அந்த நகரத்தில் நின்று பார்க்க வேண்டிய இடங்கள் வேறு.

முதலாவது, பிரெட்ரிக்ஸ்ட்ராஸ நிலையத்தை ஒட்டிய கண்ணாடி மண்டபம். 1962இல் கட்டியது. மேற்கிலிருந்து வந்து போகும் உறவுகளைக் கிழக்கிலிருந்தவர்கள் அழுது வழியனுப்பிய இடமென்பதால் அதன் பெயரே ‘கண்ணீர் மாளிகை’. 2011 முதல் அருங்காட்சியகம்; கட்டணம் இல்லை. ஓமந்தைச் சோதனைச்சாவடியில் பை கிளறக் கொடுத்துவிட்டு வரிசையில் நின்றவர்களுக்கு அங்குள்ள கடவுச்சீட்டுக் கூண்டுகளை யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

இரண்டாவது, கைசர் வில்ஹெல்ம் நினைவுத் தேவாலயம். 1943 நவம்பரில் குண்டு விழுந்து எரிந்தது. 1950களில் எஞ்சிய கோபுரத்தையும் இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டத் திட்டமிட்டபோது நகரமக்கள் எதிர்த்தார்கள். கோபுரம் தப்பியது, 1961இல் அதன் அருகிலேயே நீலக் கண்ணாடிச் சுவர்களுடன் புதிய தேவாலயம் திறக்கப்பட்டது. உச்சி உடைந்த அந்தக் கோபுரத்தைப் பேர்லின்காரர் ‘சூத்தைப் பல்’ என்று பகிடியாகச் சொல்வதுண்டு.

அதைப் பார்க்கும் எவருக்கும் கிளிநொச்சியின் விழுந்த தண்ணீர்த் தாங்கி நினைவுக்கு வரும். 2009 சனவரி 2இல் படையினர் நகரைப் பிடித்தார்கள். பின்வாங்கிய புலிகள் தாங்கியைத் தகர்த்ததாக அவர்கள் சொன்னார்கள். ஏ9 வீதியோரம் கிடந்த அந்தத் தாங்கி பிறகு தெற்கிலிருந்து பேருந்துகளில் வருவோர் இறங்கிப் படமெடுக்கும் இடமானது. பக்கத்தில் நினைவுப்பொருட் கடையும் வந்தது. இரண்டுமே இடிபாடுகள்தான். வித்தியாசம், எதை வைத்திருப்பது என்று முடிவெடுத்தது யார் என்பதில். பேர்லினில் அதை அங்கே வாழ்ந்த சனம் தீர்மானித்தது. கிளிநொச்சியில் சனம் மெனிக்பாம் முகாமிலிருந்து வந்து பார்த்தபோது எல்லாம் தீர்மானமாகிவிட்டிருந்தது.

வென்றவர்களின் சின்னம் பேர்லினிலும் உண்டு. ட்ரெப்டவ் பூங்காவில் ஒரு கையில் குழந்தையும் மறு கையில் வாளுமாக 12 மீற்றர் உயரச் சோவியத் வீரன் நிற்கிறான்; 1949இல் திறந்தது. அது ஒரு மயானமும்கூட: ஏறக்குறைய 7,000 சோவியத் வீரர் அங்கே புதைக்கப்பட்டுள்ளனர். 1990இல் செய்த உடன்படிக்கைப்படி அதைப் பராமரிப்பது ஜேர்மன் அரசு. நாடாளுமன்றமான ரைக்ஸ்ராக் கட்டடத்திலோ 1945இல் சோவியத் வீரர்கள் சுவரில் கிறுக்கிய பெயர்களில் ஒரு பகுதியை இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறார்கள். மேலேயுள்ள கண்ணாடிக் கூம்பை முன்பதிவு செய்துவிட்டு இலவசமாகப் பார்க்கலாம்.

ஆகவே வென்றவன் சின்னம் வைப்பது புதினமில்லை. கிளிநொச்சியில் குண்டு துளைத்த சீமெந்துக் கட்டி, புதுக்குடியிருப்பில் துப்பாக்கி ஏந்திய சிப்பாய், ஆனையிறவில் நாட்டைத் தாங்கும் கைகள் என்று வன்னியிலும் அவை இருக்கின்றன. இன்னும் பின்னால் போனால், ஒட்டுசுட்டானுக்கு அருகே கற்சிலைமடுவில் பண்டாரவன்னியன் 1803 ஒக்டோபர் 31இல் தோற்றதைச் சொல்லும் கல்லும் வெள்ளைக்காரர் பக்கத்துக் கல்தான். அதைத் தங்கள் மன்னனின் நினைவிடமாக்கியது எங்கள் சனம். பேர்லினில் வென்றவனின் சின்னத்தோடு மற்றவர்களுக்கும் அழ இடம் இருக்கிறது. வன்னியில் அதுதான் பறிபோனது. கனகபுரம், விசுவமடு துயிலும் இல்லங்கள் யுத்தத்தோடு புல்டோசரால் தரைமட்டமாக்கப்பட்டன. கனகபுரத்தில் 2016 நவம்பர் 27இல் மீண்டும் விளக்கேற்றிய உறவுகளுக்கு மிஞ்சியிருந்தவை உடைந்த கல்லறைத் துண்டுகள்.

நேரம் குறைவென்றால் நொய வாஹ என்ற பழைய காவல் மண்டபம் ஒன்றையாவது பாருங்கள். உள்ளே வேறொன்றும் இல்லை. இறந்த மகனை மடியில் வைத்திருக்கும் ஒரு தாயின் சிலை மட்டும். செய்தவர் கேத்த கொல்விட்ஸ் என்ற பெண் சிற்பி. அவருடைய மகன் பீட்டர் 1914இல் பெல்ஜியத்தில், 18 வயதில், போர்முனையில் இறந்தான். சிலையை 1993இல் பெரிதாக்கி இங்கே வைத்தார்கள். கூரையில் நேர்மேலே ஒரு வட்டத் திறப்பு. மழையும் பனியும் அவள்மீதே விழும். யுத்தத்தினதும் கொடுங்கோன்மையினதும் பலியானவர்களுக்கு என்று பொதுவாக எழுதியதால், கொன்றவரையும் கொல்லப்பட்டவரையும் ஒன்றாக்குகிறீர்கள் என்று அப்போதே பலர் சண்டை பிடித்தார்கள். நியாயமான சண்டை. ஆனாலும் 2017 பெப்ரவரி 20 முதல் கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலடியில் பிள்ளைகளின் படத்தோடு குந்தியிருந்த தாய்மாரை அறிந்தவர்களால் அந்தச் சிலையடியில் இருந்து கெதியில் எழும்ப முடியாது. மடியில் வைக்க உடலாவது அவளுக்குக் கிடைத்தது.

கொல்லப்பட்ட யூதர்களுக்கான 2,711 கற்பாளங்களின் திடல் 2005இல் திறந்தது. அதற்குக் கீழே நிலக்கீழ் மண்டபத்தில் பெயர்களை வாசிக்கக் கேட்கலாம். அதைவிட என்னை யோசிக்க வைப்பவை தெருக்களில் பதித்த 10 சென்ரிமீற்றர் பித்தளைக் கற்கள். கொண்டுசெல்லப்பட்டவர் கடைசியாக விரும்பி வாழ்ந்த வீட்டு வாசலில், பெயர், பிறந்த ஆண்டு, என்ன நடந்தது என்பது இருக்கும். பெரும்பாலும் அயலவரும் பள்ளிப் பிள்ளைகளும் உறவினரும் தேடித் தொகுத்த விபரங்கள். முள்ளிவாய்க்காலுக்கு ஐ.நா. நிபுணர் குழு 2011இல் சொன்னது 40,000 வரை இருக்கலாம் என்று. மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு கணக்குக் கேட்டது 146,679 பேருக்கு. இரண்டும் தொகைகள், பெயர்கள் அல்ல.

அந்தக் கற்களைப் பார்க்கப் பயணச்சீட்டும் வேண்டாம், வழிகாட்டியும் வேண்டாம். மகள் வீட்டிலிருந்து கடைக்குப் போகும்போது நிலத்தைப் பார்த்து நடந்தால் எங்காவது தட்டுப்படும்.